சரோஜம்மா வீட்டு அட்வான்ஸ்

நாங்கள் இன்னும் அந்த வீட்டைக் காலி செய்யவில்லை. அதற்குள் கொத்தனார் வந்து சமையலறைச் சுவரை உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அரிசி மூட்டையும் பருப்பு டப்பாக்களும் நடு அறையில் கிடந்தன. மேலே பழைய புடவை ஒன்றைப் போர்த்தியிருந்தேன். உளி இறங்க இறங்க, சிமெண்டுத் தூள் அந்தப் புடவை மடிப்புகளில் மாவு மாதிரி படிந்தது. மத்தியானம் வாயில் வைத்த சோற்றிலும் மணல் நறநறத்தது.

உடைத்த இடத்தில் சிங்க் வரப்போகிறது. பக்கத்தில் நீளமாக ஒரு கடப்பா கல். இனி அந்த வீட்டில் நின்றுகொண்டே பாத்திரம் கழுவலாம்.

ஆறு வருஷம் அங்கே குடியிருந்தேன். ஆறு வருஷமும் பின்பக்கக் குழாயடியில் குந்தித்தான் பாத்திரம் தேய்த்தேன். மழைக்காலத்தில் தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொள்வேன். வீட்டுக்காரம்மாவிடம் மூன்று முறை சிங்க் கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் "சூஸ்தாம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம்.

புதிதாகக் குடிவரப் போகிறவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். நான்காம் நாள் கொத்தனார் வந்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பக்கத்தில் இதுவரை எவ்வளவோ நல்ல மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டேன். இந்த வாரம், நான் நல்லவளாக இல்லாத பத்து நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.

சாவி கிடைத்த கதை

ஆந்திர எல்லையில் சத்தியவேட்டைச் சுற்றித் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ரீ சிட்டி என்ற பெயர் அப்போதுதான் எங்கள் வாயில் நுழைய ஆரம்பித்திருந்தது. நிலம் இருந்தவர்களுக்குப் பணம் வந்தது. எங்கள் நைனாவுக்கு நிலம் கிடையாது. அவர் நாற்று நட்டது, களை எடுத்தது, கதிர் அறுத்தது எல்லாமே அடுத்தவர் நிலத்தில். அந்த நிலம் போனதும் அவருடைய வேலையும் போனது. அதற்கு யாரும் நஷ்ட ஈடு தரவில்லை.

என் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு டிரைவிங் தெரியும். தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஒன்றை ஓட்டும் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்னால் வண்டி எடுக்க வேண்டும். எங்கள் ஊர்க் காலனியில் இருந்து நடந்து வந்து எடுக்க முடியாது. அதனால் சத்தியவேட்டிலேயே வீடு தேடினோம்.

முதல் வீட்டில், "மீரு ஏமிட்லு?" என்று கேட்டார்கள். நீங்கள் என்ன ஆளுங்க என்பதுதான் கேள்வி. முனிரத்தினம் உண்மையைச் சொன்னார். வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது சரோஜம்மாவின் வீடு.

சரோஜம்மா தெலுங்குக்காரர். கணவர் இல்லை. மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முன்கட்டில் அவர் மட்டும் இருந்தார். பின்கட்டை வாடகைக்கு விடுவார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பின்கட்டுக்குத் தனி சந்து இருக்கிறது, தனிப் படி இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்றார். மற்றவர்களிடம் பத்தாயிரம் அட்வான்ஸ் வாங்குபவர் எங்களிடம் பதினைந்தாயிரம் கேட்டார்.

என் கம்மலும் இரண்டு ஆடுகளும் அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் போயின. சாவியை ஜன்னல் திட்டில் வைத்தார். நாங்கள் எடுத்துக்கொண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எங்களுக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

எனக்கென்று ஒரு டம்ளர்

அவர் கெட்டவர் இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. "அம்மாயி", பெண்ணே, என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கோங்குரா ஊறுகாய் போட்டால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஜாக்கெட்டுகள் எல்லாம் நான் தைத்தவைதான். அளவு ஜாக்கெட்டை ஜன்னல் வழியாகக் கொடுப்பார், தைத்ததை ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்வார். அவர் தோளையோ கையையோ நான் ஒரு நாளும் டேப் வைத்து அளந்ததில்லை.

சாயங்காலங்களில் அந்த ஜன்னல்தான் எங்கள் பேச்சுமேடை. அவர் உள்ளே நாற்காலியில், நான் வெளியே படியில். மகன் போன் செய்யாதது, மூட்டு வலி, மருமகளின் பிடிவாதம் எல்லாம் எனக்குச் சொல்வார். காபியும் வரும். எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. குடித்துவிட்டுக் கழுவி, அதே ஜன்னல் திட்டில் கவிழ்த்துவிடுவேன்.

எனக்கென்றே தனியாக ஒரு டம்ளர் வைத்திருக்கிறார் என்று என் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்த விஷயத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் வேறு மாதிரி தெரியும். நான் அப்படித்தான் பிடித்திருந்தேன்.

புதியவர்கள் வரட்டும்

முனிரத்தினத்துக்குத் திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் வேலை கிடைத்தது. மலைக்குப் பக்தர்களை ஏற்றிப்போகும் வண்டி. சம்பளமும் கூட. திருச்சானூர் ரோட்டில் ஒரு வீடு பார்த்தோம். அந்த வீட்டுக்காரர் பத்து நாள் பொறுத்திருக்கிறேன் என்றார். அதற்குள் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

எங்களிடம் இருந்த ஒரே மொத்தப் பணம் சரோஜம்மாவிடம் இருந்த பதினைந்தாயிரம்தான். காலி செய்யப்போகிறோம் என்று சொன்னதும் அவர் சங்கடப்பட்டார். அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருந்தது.

"கொத்தவாள்ளு ரானீ. வாள்ள அட்வான்ஸ் வஸ்தே மீதி இச்சேஸ்தா" என்றார். புதியவர்கள் வரட்டும், அவர்கள் அட்வான்ஸ் வந்ததும் உங்களுடையதைத் தந்துவிடுகிறேன்.

வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். நம் பணம் நமக்கு வர வேண்டுமென்றால், நம் இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார வேண்டும். அதனால் வருகிறவர்களுக்கு நானே வீட்டைத் திறந்து காட்டினேன். காற்று வரும், தண்ணீர்க் கஷ்டம் இல்லை, வீட்டுக்காரம்மா தங்கமானவர் என்று நானே சொன்னேன்.

இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவள் பவானி.

முன்வாசலில் வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை. பவானி கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். இருபத்தி நான்கு, இருபத்தி ஐந்து வயது இருக்கும். கல்யாணமாகி நான்கு மாதம். புருஷனும் அங்கேயேதான் வேலை.

வீடு பார்க்க வருகிறவர்கள் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வருவார்கள். அவளுக்கு அது தெரியவில்லை. நேராக முன்வாசலில் போய் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாள். அவள் பேசிய தெலுங்கு, படித்தவர்கள் பேசுகிற தெலுங்கு. நான் பேசுவதில் தமிழ் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவளுடையதில் அது இல்லை.

"லோபலிகி ராம்மா" என்று சரோஜம்மா சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே வாம்மா.

நான் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். பிறகு சமையலறை வரைக்கும் போனாள். அலமாரியில் வரிசையாக இருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து சரோஜம்மா காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் பவானி எழுந்து கழுவப் போனாள். வேண்டாம், அங்கேயே வை என்று சொல்லிவிட்டு, அந்த எச்சில் டம்ளரை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

வந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பின்கட்டைப் பார்க்க வந்தபோது என்னிடம் நன்றாகத்தான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டாள். வெயில் காலத்தில் வராது என்றேன். அது பொய். சுவரில் ஓதம் ஏறுமா என்று கேட்டாள். ஏறும் என்றேன். என் பணம் திரும்புவதற்கு இருந்த ஒரே வழியை நானே அடைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் செய்தேன். நிறுத்த முடியவில்லை.

அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்க் வைத்துத் தந்தால் வருகிறேன் என்று சரோஜம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சருக்குத் தண்ணீர்

பொறாமை எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, டீச்சருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவருவது கமலாவின் வேலை. மணி அடித்ததும் டீச்சர் பெயர்கூடச் சொல்ல மாட்டார். கமலாவைப் பார்ப்பார். அவள் எழுந்து ஓடுவாள்.

வரும்போது சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்து வருவாள். அந்த நடையை நான் வீட்டில் வெறும் சொம்பை வைத்துப் பழகிப் பார்த்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டால் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

கூப்பிடவில்லை. காலனிப் பிள்ளைகள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் கமலாவின் சிலேட்டைக் கல்லால் கீறிவிட்டேன். டீச்சர் மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. கமலாவைத்தான் வெறுத்தேன்.

கல்யாணப் போட்டோ

கொத்தனார் வேலை செய்த அதே நாள், சாயங்காலம் பவானி வந்தாள். சரோஜம்மா பேங்குக்குப் போயிருந்தார். ஜன்னல் துணிக்கு அளவு எடுக்க வேண்டும் என்றாள். எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்யாணப் போட்டோ சுவரில் சாத்தி வைத்திருந்தது. அதைத் தாண்டிப் போனவள் நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். அதுவரை என்னிடம் தெலுங்கில் பேசியவள், சட்டென்று எங்கள் தமிழுக்கு வந்தாள்.

"அக்கா, இவரு இதுல எப்பிடிக் கீறாரு? எங்க தாய்மாமன் இவரு."

அவள் விரல் வைத்தது எங்கள் சின்ன அத்தையின் வீட்டுக்காரர் மேல். பிச்சாட்டூர் பக்கத்துக் காலனிக்காரர். எங்கள் காலனியில் பெண் எடுத்தவர்.

கொத்தனார் கரணையால் பூசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் எங்கள் ஆள். எனக்குத் தூரத்துச் சொந்தமே ஆக வேண்டும்.

"அந்தம்மா என்ன ஒண்ணும் கேக்கலக்கா" என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "சொல்லியிருப்பனான்னும் தெரியல. ஏழு வூடு பாத்துட்டோம்."

நான் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினேன்.

"சொல்லிடுவியாக்கா?"

நான் அடுத்த சாக்கை இழுத்தேன். அவள் ஜன்னல் துணிக்கு அளவே எடுக்காமல் போய்விட்டாள்.

அவள் வேறு ஆளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கும். அவர்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி, உலகம் அப்படித்தான் என்று விட்டிருப்பேன். எனக்கு என்ன உண்டோ, என்ன இல்லையோ, அதுதான் அவளுக்கும். எனக்கு வாய்க்காதது அவளுக்கு ஒரு காபி குடிக்கிற நேரத்தில் வாய்த்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முனிரத்தினத்திடம் சொன்னேன். அவர் பஸ் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாய மூடிக்கினு இரு கோமளா. நம்ம துட்டு அதுலதான் கீது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னது சரிதான். ஆனாலும் இரண்டு நாள், அவள் யார் என்கிற அந்த வார்த்தை என் நாக்கு நுனியிலேயே இருந்தது.

ஜன்னலில் ஒரு கேள்வி

காலி செய்வதற்கு முந்தின நாள். கடைசியாகத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க ஜன்னலுக்குப் போனேன். சரோஜம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெங்களூர் மகன் போன் செய்ததைச் சொன்னார். புதிதாக வருகிறவர்கள் யார், என்ன என்று அவன் கேட்டிருக்கிறான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

"அந்தப் பிள்ளை உன்கிட்ட பேசினா இல்ல, அம்மாயி. வாள்ளு ஏமிட்லோ தெலுசா?" அவர்கள் என்ன ஆளுங்க என்று தெரியுமா.

நான் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. கேள்வி தானாக வந்து என் முன்னால் நின்றது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சிங்க் வைத்த அந்தச் சமையலறைக்கு அவள் வரமாட்டாள். எட்டாவது வீடு தேடிப் போவாள். அந்தக் கூடமும் அந்த நாற்காலியும் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று ஆகிவிடும். அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை இப்போதும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவரே தொடர்ந்தார். உன்னைக் கேட்டேன், உனக்கு முன்னால் இருந்தவர்களையும் கேட்டேன், என்னவோ அவள் முன்வாசலில் வந்து நின்றபோது கேட்கவே தோன்றவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேட்கவே தோன்றவில்லை. அந்த ஒன்று எனக்குள் இறங்கிய மாதிரி இன்றுவரை வேறெதுவும் இறங்கவில்லை.

"தெரியாதும்மா. நான் கேக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முனிரத்தினம் பணத்துக்காக என்று நினைத்துக்கொண்டார். பவானி பாசத்துக்காக என்று இன்றுவரை நினைக்கிறாள். பாசம் இல்லை. பணம் ஓரளவுக்கு. மற்றபடி, அவளைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமென்றால், என்னைப் பற்றியும் இன்னொரு முறை அதே ஜன்னலில் நின்று சொன்ன மாதிரி ஆகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை சொன்னது போதும் என்று இருந்தது.

ஒரே நோட்டுக்கட்டு

மறுநாள் காலை டெம்போ வந்தது. சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பவானியும் அவள் புருஷனும், ஆறு வருஷத்தில் ஏறிப்போயிருந்த அட்வான்ஸோடு வந்தார்கள். முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். பவானி பணத்தை நீட்டினாள். சரோஜம்மா அவள் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எண்ணினார்.

பிறகு அதிலிருந்து எங்களுடையதைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். வெள்ளையடிக்க ஆயிரம் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். உடைத்துப் பூசின சுவருக்கு எப்படியும் வெள்ளையடிக்கத்தானே வேண்டும், அதற்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்று முனிரத்தினம் கேட்டார். ஐந்நூறு குறைந்தது.

பதினாலாயிரத்து ஐந்நூறையும் ஜன்னல் திட்டில் வைத்தார். முனிரத்தினம் எடுத்துக்கொண்டார்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த நோட்டுகள் கையிலிருந்து கைக்குப் போனதை நான் பார்த்தேன். அதே நோட்டுகள்தான். எங்களிடம் வரும்போது மட்டும் ஜன்னல் கல்லில் இறங்கி வந்தன. உள்ளே நின்ற பவானியும் அதைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நானும் கவனித்தேன். அவள் வெளியே வந்து டெம்போவில் என் தையல் மெஷினை ஏற்ற ஒரு கை பிடித்தாள். மெஷின் ஏறியதும், "அக்கா" என்று மட்டும் சொன்னாள். நான் டிரைவர் பக்கம் போய் ஏறிக்கொண்டேன். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.



பிறகு

திருப்பதிக்கு வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். சின்ன அத்தையிடம் நம்பர் வாங்கிக்கொண்டு பவானி போன் செய்தாள். குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். அப்படியே பேச்சு சரோஜம்மாவிடம் போனது.

அவருக்குத் தெரிந்துவிட்டதாம். வளைகாப்புக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தபோது யாரோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் போல அவர் இவளிடம் பேசவில்லை. முன்கதவு சாத்தியே இருந்தது. காலி செய்யச் சொல்வார் என்று இவர்கள் வேறு வீடுகூடப் பார்த்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் சரோஜம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாளாக முன்வாசல் கூட்டவில்லை, விளக்கு எரியவில்லை. பவானி போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். திறந்ததும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய், அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சி வைத்து, உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள்.

"குட்சாங்களா?" என்று கேட்டேன்.

"குட்சாங்கக்கா. அழுதுக்கினே குட்சாங்க. அதுக்கப்பறம் பழையபடி போய்க்கினு வந்துக்கினுதான் கீறேன்."

சந்தோஷம் என்று சொல்லி போனை வைத்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு அந்தப் பழைய எரிச்சல் மறுபடி அடிவயிற்றில் ஏறியது. முதல் தடவையைவிட அதிகமாகவே ஏறியது. இந்த முறை யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

நான் இருந்த ஆறு வருஷத்திலும் சரோஜம்மாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரு தடவை நான்கு நாள் படுத்த படுக்கையாக இருந்தார். நான் காலையிலும் சாயங்காலத்திலும் தவறாமல் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, மாத்திரை போட்டீர்களா அம்மா என்று கேட்டேன். உள்ளேயிருந்து முனகல் சத்தம் வரும். போட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, திரும்பி வந்துவிடுவேன். முன்கதவு அந்த நான்கு நாளும் தாழ் போடாமல் வெறுமனே சாத்தித்தான் இருந்தது.